கடைசி வாரம் எங்கே, சம்பந்தி?

கொஞ்சம் தள்ளி உக்காருங்க தம்பி. இல்ல இல்ல, இந்தப் பையை மேல வைக்க மாட்டேன், மடியிலயே இருக்கட்டும். உள்ள ஒரு சாமான் இருக்கு. நீங்க பாட்டுக்குப் படிங்க. பஸ்ல படிக்கிறவங்ககிட்டப் பேச்சுக் குடுத்துத் தொந்தரவு பண்றது எனக்குப் பிடிக்கவே பிடிக்காது.

என்ன புஸ்தகம் அது? அட்டையைக் கொஞ்சம் காட்டுங்க. அட! பங்களா, நிலா, சொட்டுச் சொட்டா ரத்தம். நம்ம ஆளுய்யா நீங்க! இதை நான் போன தையிலயே முடிச்சுட்டேன். எதுவரைக்கும் வந்திருக்கீங்க? தோட்டக்காரன் காணாமப் போயிட்டானா? இன்னும் போகலையா? சரி சரி. போவான். அது தெரிஞ்சா ஒண்ணும் நட்டமில்ல.

பயப்படாதீங்க, முடிவைச் சொல்ல மாட்டேன். அது மட்டும் எங்கிட்ட நடக்காது. ஒரு எழுத்தாளன் ராப்பகலா உக்காந்து முடிச்சு போட்டு வச்சிருப்பான், அதை ஒருத்தன் வாயை வச்சுக்கிட்டுச் சும்மா இருக்காம அவுத்து விட்டுட்டா, அவனை என்ன செய்யலாம் சொல்லுங்க. போன வருசம் ஒண்ணு படிச்சேன். பால்காரன்தான் கொலைகாரன், ஆனா கடைசி வரி வரைக்கும் எவனாலும் கண்டுபிடிக்க முடியாது. அப்படி ஒரு புஸ்தகத்தோட முடிவை முன்னாலயே சொன்னா எப்படி இருக்கும்? நீங்க அதைப் படிச்சிருக்கீங்களா? இல்லையா? கட்டாயம் படிங்க, அருமையா இருக்கும்.

நான் இறங்கப் போறது புதுக்கோட்டையில. நீங்க திருச்சியா? நல்லது. நான் இறங்கணுமா, இல்ல இப்படியே உங்ககூடத் திருச்சி வரைக்கும் வந்துட்டு அடுத்த பஸ்ல ராமநாதபுரம் திரும்பிரலாமான்னுதான் யோசிச்சுக்கிட்டு வர்றேன். என் பொண்ணு வல்லிக்கு இன்னைக்கு வளைகாப்பு. அவ மாமனார் வீடு புதுக்கோட்டை. வீட்டுக்காரி சௌந்தரம் வளையல், சீர்த்தட்டு எல்லாம் எடுத்துக்கிட்டு நேத்தே போயிட்டா. நான் மட்டும் தனியா வர்றேன். ஏன்னா வல்லி போன்ல ஒரு வார்த்தை சொல்லிட்டா. "அப்பா, மாமாகிட்ட முகம் குடுத்துப் பேசுறதா இருந்தா வாங்க. உம்முன்னு மூலையில உக்கார்றதுன்னா நீங்க வரவே வேணாம். வயித்துல பிள்ளையை வச்சுக்கிட்டு என்னால ரெண்டு பக்கமும் பாக்க முடியாது"ன்னுட்டா. பெத்த பொண்ணு, தம்பி. வரவே வேணாம்னுட்டா. அன்னைக்கு எனக்குச் சோறு இறங்கல.

மாமான்னா அவ மாமனார். என் சம்பந்தி வைரவன். அந்த மனுசனோட எனக்குப் பேச்சு நின்னுபோயி, கல்யாணம் முடிஞ்ச மறுவீட்டுல இருந்து இன்னைக்கு வரைக்கும் அப்படியே கிடக்கு. சீர் செனத்தியில சண்டையான்னு எல்லாரும் கேக்குறாங்க. அதெல்லாம் ஒண்ணும் இல்லங்க. இது வேற. நீங்க புஸ்தகம் படிக்கிற ஆளு, உங்களுக்குச் சொன்னாத்தான் புரியும்.

நான் ஈ.பி.யில இருந்து ரிட்டயர் ஆனவன். எனக்குச் சீட்டு கிடையாது, வெத்தலை கிடையாது. கொலைதான். சாப்பிட்டு முடிச்சு ஈசிசேர்ல சாஞ்சு, பக்கத்துல ஒரு தட்டுல காராசேவு வச்சுக்கிட்டு, முதல் பக்கத்துல ஒருத்தன் செத்து விழுந்துட்டான்னா எனக்கு அப்படி ஒரு நிம்மதி வரும். ஏன்னு தெரியல. வீட்டுல கேஸ் தீந்துபோச்சு, மோட்டார் ஓடல, எதுவும் காதுல விழாது. செத்தவன் யாரு, எவன் அழறான், எவன் அழற மாதிரி நடிக்கிறான், அதுதான் மனசுல ஓடும். ஒவ்வொருத்தனா சந்தேகப்பட்டுக்கிட்டே போறதுல இருக்கிற சுகம் இருக்கே, அது ஒரு தனிச் சுகம். எதுத்த பக்கத்துக்குக் கண்ணு ஓடிறாம இருக்க நான் உள்ளங்கையால மூடிக்கிட்டுத்தான் படிப்பேன். நீங்களும் அப்படித்தானா? பாத்தீங்களா, சொன்னேன்ல!

சௌந்தரம் தினமும் காப்பி கொண்டாந்து வச்சுட்டுக் கேப்பா, "இன்னைக்கு யாரு செத்தா?"ன்னு. அக்கறையில கேக்கல, நக்கல். "ஊரு கொலைகாரனை எல்லாம் கண்டுபிடிப்பாரு, ரெண்டு நாளா வீட்டுல தண்ணி வரலைங்கிறது மட்டும் தெரியாது"ன்னு பக்கத்து வீட்டுல சொல்லிச் சிரிப்பா. சிரிக்கட்டும். கவனிக்கிற கண்ணு வேற தம்பி. அது எல்லாருக்கும் வராது.

இப்ப இந்தப் பையில என்ன இருக்குன்னு சொல்றேன். வாரப் பத்திரிகையில வர்ற தொடர்கதையைக் கிழிச்சுச் சேத்து வச்சு, முடிஞ்சதும் பைண்டிங் பண்ணி வைப்போம்ல, அந்த மாதிரி ஒண்ணு. காலிகோ அட்டை. நான் வேலையில சேந்த புதுசுல வந்த தொடர். பேரு 'குடையை மறந்தவன்'. கொடைக்கானல்ல ஒரு எஸ்டேட் முதலாளி, ரூமுக்குள்ள செத்துக் கிடக்காரு. கதவு உள்பக்கம் தாப்பா. மூலையில ஒரு குடை, தண்ணி சொட்டச் சொட்ட நனைஞ்சு கிடக்கு. ஆனா ஊருல அன்னைக்கு மழையே இல்ல! எப்படி? அந்த வீட்டுல புழங்குறவங்க கம்பவுண்டர், வக்கீல், மருமக, சமையக்காரர். இவங்கள்ல யாரு? ஊரே அதைப் பத்திப் பேசுச்சு. ஆபீஸ்ல நாங்க வேலையே பாக்கல.

கடைசி வாரம் எனக்குக் கிடைக்கல, தம்பி. அந்த வாரப் பத்திரிகை வீட்டுக்கு வந்திருக்கு. நான் டூட்டியில இருந்தேன். யாரோ சொந்தக்காரங்க வந்திருக்காங்க, எங்க அம்மா அதைக் கிழிச்சு முறுக்கு பொதிஞ்சு குடுத்து அனுப்பிட்டாங்க. முறுக்கோட போயிருச்சு என் கொலைகாரன்! அப்புறம் தேடாத இடமில்ல. பழைய பேப்பர் கடை, லைப்ரரி, தெரிஞ்சவன் தெரியாதவன் வீடு எல்லாம் பாத்தாச்சு. புஸ்தகமாவும் வரல, அந்தப் பத்திரிகையும் நின்னுபோச்சு. கடைசி வாரம் இல்லாமலே பைண்டிங் பண்ணி வச்சேன். ஆனா ஒண்ணு சொல்றேன், அதுலயும் ஒரு சுகம் இருந்துச்சு. வருசத்துக்கு ஒரு தடவை எடுத்துப் படிப்பேன். ஒரு வருசம் வக்கீல்னு தோணும், அடுத்த வருசம் மருமகள்னு தோணும். முடியாத கதைக்கு வயசே ஆகறதில்ல.

அப்பத்தான் வல்லிக்கு இந்த வரன் வந்துச்சு. கோயம்புத்தூர்ல அவ வேலை பாக்கிற அதே ஆபீஸ்ல, அதே மாடியில வேலை பாக்கிற பையன். ஆனா ரெண்டு பேரும் ஒருத்தரை ஒருத்தர் பாத்ததே கிடையாதாம்! எப்படி அமையுது பாருங்க. தரகர் ஜாதகத்தை எங்கேயோ வச்சுட்டுத் தேடுனாராம், கிடைச்சதும் அவரு குடுத்தாருன்னு வல்லிதான் கொண்டாந்து குடுத்தா. நான் கேக்குறதுக்கு முன்னாலயே பையனுக்குக் கத்திரிக்காய் ஆகாதுங்கிறது வரைக்கும் சொன்னா. தரகர் அவ்வளவு விவரமா விசாரிச்சிருக்காரு. ஏன் சிரிக்கிறீங்க? கதையில எதுவும் சிரிப்பு வந்துச்சா? சரி.

மாப்பிள்ளை வீடு பாக்கப் போனோம். எனக்கு அவ்வளவா மனசு இல்ல. வீட்டு வாசல்ல வண்டி திரும்ப இடமில்ல, அது ஒரு குறை. வைரவன் வேற வாயைத் திறந்து பேசமாட்டேங்கிறாரு, நனைஞ்ச கோழி மாதிரி உக்காந்திருக்காரு. பையனும் அப்படியே. ஊருக்குப் போயி யோசிச்சுச் சொல்றோம்னு சொல்லிட்டுக் கிளம்பிரலாம்னு வாயெடுத்தேன். அப்ப பாக்குறேன், டீப்பாய் மேல, நான் உக்காந்திருந்த பக்கமாப் பாத்து, ஒரு பைண்டிங் புஸ்தகம் இருக்கு. முதுகுல பேனாவால எழுதியிருக்கு, 'குடையை மறந்தவன்'னு.

விடுவேனா? எடுத்து நேரா கடைசிப் பக்கத்துக்குப் போனேன். அதே படம்! அதே குடை! கீழ அதே வரி, 'அடுத்த இதழில் முடியும்'. அதுக்கப்புறம் அட்டை. காராசேவு எண்ணெய்க் கறைகூட அதே இடத்துல, அப்படியே என் புஸ்தகம் மாதிரியே இருக்கு! எனக்குப் புல்லரிச்சுப் போச்சு. "சம்பந்தி"ன்னு கூப்பிட்டுட்டேன். இன்னும் பேசியே முடிக்கல, தட்டே மாத்தல, சம்பந்தின்னுட்டேன். சௌந்தரம் என் தொடையில கிள்ளுனா. "இதோட கடைசி வாரம் எங்க?"ன்னு கேட்டேன்.

வைரவன் பையனைப் பாத்தாரு. பையன் அப்பாவைப் பாத்தான். அப்புறம், "அதுவா... அது தனியா பத்திரமா பரண்ல வச்சிருக்கேன்"ன்னாரு. "கல்யாணம் நல்லபடியா முடியட்டும், எடுத்துத் தர்றேன்."

எவ்வளவு பொறுப்பான மனுசன் பாருங்க, ஒரு தொடரோட கடைசி வாரத்தைத் தனியா பாதுகாத்து வச்சிருக்காரு! அப்பவே முடிவு பண்ணிட்டேன், இந்த வீட்டுல என் பொண்ணு நல்லா இருப்பான்னு. நாலு பக்கக் காகிதத்துக்காகப் பொண்ணைக் குடுத்தேன்னு சௌந்தரம் சொல்லுவா. நம்பாதீங்க. நான் குணத்தைப் பாத்துக் குடுத்தேன்.

நிச்சயத்துக்கப்புறம் போன்ல தினம் பேசுவேன். மண்டபம், சமையல் எல்லாம் கேட்டுட்டு, மெதுவா, "பரண்ல ஏறுனீங்களா?"ன்னு கேப்பேன். "ஏணி இரவல் போயிருக்கு"ன்னாரு. அப்புறம், "வெள்ளையடிக்கிறாங்க, சாமானெல்லாம் மாறிக் கிடக்கு"ன்னாரு. ஒரு நாள், "எலி ஏதோ..."ன்னு இழுத்தாரு. நான் பதறிப் போயி, எலிக்கு ஒரு மருந்து வாங்கிப் பார்சல்ல அனுப்புனேன். எவ்வளவு தாங்கியிருக்கேன் பாருங்க.

கல்யாணம் முடிஞ்சுச்சு. மறுவீடு. அவங்க வீட்டுல பெரிய பந்தி. நானும் அவரும் பக்கத்துப் பக்கத்துல உக்காந்திருக்கோம். பாயசம் வந்துச்சு. நான் சிரிச்சுக்கிட்டேதான் கேட்டேன், "கல்யாணம் நல்லபடியா முடிஞ்சுருச்சு. கடைசி வாரம் எங்க, சம்பந்தி? ஏணியை நான் பிடிச்சுக்கிறேன், நீங்க ஏறுங்க"ன்னேன். சுத்தியிருந்தவங்க எல்லாம் சிரிச்சாங்க. மனுசனுக்கு வேர்த்துக் கொட்டுது. படக்குன்னு சொல்லிட்டாரு. "கம்பவுண்டர்தான் கொன்னான். போதுமா? இனி எதுக்குக் காகிதம்?"

தம்பி, பாயசத்தை அப்படியே இலையில விட்டுட்டேன். இத்தனை வருசம் காத்து வச்சது. பந்தியில, அப்பளம் நொறுக்கிக்கிட்டே, ஒரே வார்த்தையில கொட்டிட்டாரு. எனக்கு அழுகையே வந்துருச்சு. எந்திரிச்சேன். இலையை மடிச்சேன். அங்கதான் பிசகிப் போச்சு. நம்ம பக்கமா மடிக்கிறதுக்குப் பதிலா எதிர்ப்பக்கமா மடிச்சுட்டேனாம். துக்க வீட்டுல மடிக்கிற மாதிரி! புதுசாக் கல்யாணம் ஆன பிள்ளைங்க பந்தியில! சம்பந்தியம்மா அப்படியே நெஞ்சுல கையை வச்சுக்கிட்டு உக்காந்துட்டாங்க. வல்லி முகம் வெளுத்துப் போச்சு. சத்தியமாச் சொல்றேன், நான் வேணும்னு செய்யல. கோவத்துல கை எந்தப் பக்கம் போச்சுன்னே தெரியல. ஆனா யாரு நம்புவா? இத்தனை துப்பறியும் கதை படிச்ச எனக்கே தெரியும், அந்த மாதிரி சாட்சியம் இருந்தா நான்கூட நம்ப மாட்டேன்.

அதோட போச்சு. தீபாவளிக்கு மாப்பிள்ளையும் வல்லியும் வந்தாங்க, போனாங்க. வைரவன் போன் பண்ணல, நானும் பண்ணல. வீட்டுக்கு வந்து புஸ்தகத்தை எடுத்துத் திரும்பப் படிச்சேன். கம்பவுண்டர்னு தெரிஞ்சுகிட்டே படிக்கிறது நரகம், தம்பி. அதைவிட ஒரு கொடுமை, கம்பவுண்டரா இருக்கவே முடியாது! கொலை நடந்த அன்னைக்கு அவன் மதுரை ரயில்ல வந்துக்கிட்டு இருக்கான். டிக்கெட் பரிசோதகரே பாத்திருக்காரு, எழுத்தாளர் தெளிவா எழுதியிருக்காரு. அப்புறம் எப்படிக் கம்பவுண்டர்? இத்தனை வாரம் நம்மளை இழுத்தடிச்சுட்டு, கடைசியில இப்படி ஒரு மட்டமான முடிவா? வைரவன் மேல இருந்த கோவத்துல பாதி அந்த எழுத்தாளர் மேல போச்சு. இன்னைக்கு இந்தப் புஸ்தகத்தை எடுத்துக்கிட்டு வர்றதே, வைரவன் கையிலயே குடுத்து, இனி இது எனக்கு வேணாம், நீங்களே வச்சுக்கங்கன்னு சொல்றதுக்குத்தான். அதுவும் முகம் குடுத்துப் பேசுறதுதானே? வல்லி கேட்டா அப்படித்தான் சொல்லணும்.

என்ன கேட்டீங்க? கடைசி வாரத்தை நான் கண்ணால பாத்தேனா?

இல்ல. பரண்ல இருக்குன்னாரே. நான் எப்படிப் பாப்பேன்?

இருங்க. இருங்க தம்பி. கொஞ்சம் பேசாம இருங்க.

ஏணி இரவல் போச்சு. அப்புறம் வெள்ளையடிச்சாங்க. அப்புறம் எலி. ஒரே காகிதத்துக்கு மூணு காரணம் சொல்றவன் எந்தக் கதையிலயும் யோக்கியனா இருந்ததில்லையே! அவரு புஸ்தகத்துலயும் கடைசிப் பக்கம் 'அடுத்த இதழில் முடியும்'. தனியா பத்திரமா வைக்கிற மனுசன், பைண்டிங் பண்ணும்போது ஏன் சேக்கல? சேக்க அது இருந்தாத்தானே! அடப்பாவி மனுசா! இல்லவே இல்ல! அவருகிட்டயும் கடைசி வாரம் இல்ல! நான் கேட்டதும் பயந்துட்டாரு. இல்லன்னு சொன்னா நான் எந்திரிச்சுப் போயிருவேன், சம்பந்தம் கலைஞ்சு போயிரும்னு பயந்து, பரண்ல இருக்குன்னு ஒரு பொய்யைத் தூக்கிப் போட்டிருக்காரு. அப்புறம் பந்தியில நான் மடக்கினதும், வாயில வந்த ஆளு பேரைச் சொல்லிட்டாரு. கம்பவுண்டராம்! ரயில்ல வந்த கம்பவுண்டர்!

பாருங்க தம்பி. என் பொண்ணு அவரு வீட்டுக்கு வரணும்னு அந்த மனுசன் பொய் சொல்லியிருக்காரு. வாயைத் திறந்து பேசத் தெரியாத மனுசன், இவ்வளவு தூரம் பொய் சொல்லியிருக்காரு. நான் அவரு பந்தியில இலையைத் திருப்பி மடிச்சுட்டு வந்தேன். ச்சே.

அதைவிட முக்கியம் என்ன தெரியுமா? அப்ப யாரும் எங்கிட்ட முடிவைச் சொல்லல! கொலைகாரன் இன்னும் பத்திரமா உள்ளதான் இருக்கான்! வக்கீலாவும் இருக்கலாம், மருமகளாவும் இருக்கலாம். கண்ணாடியை எங்க வச்சேன்... கண்ணுல ஏதோ தூசி. திருமயம் கோட்டை தாண்டியாச்சா? எப்ப தாண்டுச்சு?

இறங்கத்தான் போறேன். வேற என்ன செய்ய? இந்தப் புஸ்தகத்தைத் திருப்பிக் குடுக்கப் போறதில்ல. அவருடையதையும் எடுத்துக்கிட்டு வரச் சொல்லி, ரெண்டு பேரும் பக்கத்துல உக்காந்து முதல்ல இருந்து படிக்கப் போறோம். ஆனா நான் கண்டுபிடிச்சதைச் சொல்ல மாட்டேன். அது எப்படிச் சொல்லுவேன்? பேரப்பிள்ளை பிறந்து, அது பள்ளிக்கூடம் போற வரைக்கும், போற போதெல்லாம் கேப்பேன், "பரண்ல ஏறுனீங்களா, சம்பந்தி?"ன்னு. அவரு புதுசு புதுசாக் காரணம் சொல்லட்டும். மனுசன் வாயைத் திறந்து பேசுறதுக்கு வேற வழியே இல்ல. இன்னைக்குப் பந்தியில அவரு பக்கத்துலதான் உக்காருவேன். இலையை நம்ம பக்கமா, எல்லாரும் பாக்குற மாதிரி, மெதுவா மடிப்பேன். சம்பந்தியம்மா பாக்குறாங்களான்னு ஒரு தடவை பாத்துட்டு மடிப்பேன்.

இதுதான் தம்பி படிக்கிறதோட பலன். நம்ம கண்ணுக்கு ஒண்ணும் தப்பாது. வல்லியும் அதைத்தான் சொல்லுவா, "அப்பா கண்ணுல இருந்து ஒண்ணும் தப்பாது"ன்னு. அவ அதைச் சொல்லும்போதெல்லாம் மாப்பிள்ளைக்கு ஏனோ இருமல் வந்துரும். பாவம், கோயம்புத்தூர் குளிர் ஒத்துக்கல போல.

புதுக்கோட்டை வந்துருச்சு. இறங்குறேன்யா, விசிலை ஊதிறாத! பெரிய உதவி பண்ணுனீங்க தம்பி. பதிலுக்கு உங்களுக்கு ஏதாவது செய்யணும். முடிவைச் சொல்ல மாட்டேன், அது கொள்கை. ஒண்ணே ஒண்ணு மட்டும் சொல்றேன், உங்க நேரம் மிச்சமாகும். அந்தத் தோட்டக்காரனைச் சந்தேகப்படாதீங்க, அவன் பாவம், கிணத்துக்குள்ள கிடக்கான். டாக்டரையும் விட்டுருங்க. தம்பிக்காரனும் இல்ல, டிரைவரும் இல்ல. அந்தப் பங்களாவுல வேற யாரு மிச்சம் இருக்கான்னு நீங்களே நிதானமாப் படிச்சுக் கண்டுபிடிங்க. என்னது, பெரியம்மா மட்டும்தான் மிச்சமா? நான் வாயே திறக்கல தம்பி!